பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில் தேங்கும் மழை

மேற்கு மாம்பலம், தியாகராய நகர், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் எனச் சென்னையின் களிமண் பகுதிகளில் தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் எப்படிக் கழியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை விட்டு இரண்டு நாளானாலும் வீட்டைச் சுற்றியுள்ள மண் காயாது. செருப்பில் அப்பிய களி வாசற்படியைத் தாண்டிக் கூடம்வரை வரும். துணி உலர்த்தப் பின்பக்கம் போனால் கால் புதையும். குழந்தைகளை வெளியே விட முடியாது. நாயை வெளியே விட்டால் உள்ளே சேர்க்க முடியாது. நெடுங்காலமாக இந்தத் தொல்லைக்குச் சிமென்ட் தளமும் பேவர் பிளாக்கும்தான் பரிகாரமாக இருந்தன. இப்போது மூன்றாவதாகச் செயற்கைப் புல் சேர்ந்திருக்கிறது.

மொட்டைமாடியிலும் பால்கனியிலும் அழகுக்காக விரிக்கப்பட்டது, இன்று தரைக்கு இறங்கிவிட்டது. பச்சை, தடிமன், சதுர அடி விலை ஆகியவற்றோடு இன்னொரு வாக்குறுதியும் சேர்த்தே விற்கப்படுகிறது: தண்ணீர் தேங்காது, சேறு ஆகாது. சேறு ஆகாது என்பது உண்மை. தண்ணீர் தேங்காது என்பதைத்தான் நின்று யோசிக்க வேண்டும். மழைநீர் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு அந்த விரிப்பிடம் பதில் இல்லை. பதில் அதற்குக் கீழே, மண்ணிலும் வாட்டத்திலும் கசிவுக்குழியிலும் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் விரித்தால் பணம் வீண். அதைச் சரியாகச் செய்துவிட்டால் பிளாஸ்டிக் விரிப்புக்கே பெரும்பாலும் அவசியம் இருக்காது.

களிமண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதன் துகளின் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அதைவிடவும் சிறியது களித்துகள். இவ்வளவு நுண்ணிய துகள்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கிடக்கும்போது இடையில் தண்ணீர் இறங்க வழி இருக்காது. ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனத்தின் பாசனக் கையேடுகள் தரும் கணக்குப்படி, மணற்பாங்கான நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சும். களிமண் உறிஞ்சுவது ஒன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர்தான். திருவான்மியூரிலும் சாந்தோமிலும் கடற்கரை மணலில் வீடு கட்டியவர்களின் முற்றம் மழை நின்ற சற்று நேரத்தில் காய்ந்துவிடுவதற்கும், மாம்பலத்தில் காயாததற்கும் இதுவே காரணம்.

களிமண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. கோடையில் சுருங்கிப் பிளக்கும். அந்த வெடிப்புகளில் முதல் மழை மளமளவென்று இறங்கும். ஈரம் ஏற ஏற மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பிறகு பெய்வதெல்லாம் மேலேயே நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஒருநாள் பெய்து ஓய்வதில்லை. அடுத்தடுத்த தாழ்வு நிலைகளாக வந்து, ஊறிய மண்ணிலேயே மீண்டும் பெய்யும். அதனால் சென்னையின் களிமண் முற்றம் எவ்வளவு உறிஞ்சும் என்பதை முதல் மழையை வைத்து அளக்கக் கூடாது. மூன்றாவது மழையை வைத்து அளக்க வேண்டும்.

தியாகராய நகர்வாசிகளுக்கு இதில் ஒரு வரலாற்றுப் பங்கும் சேர்கிறது. அந்த நகரே 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பியது. ஏரி நீரைப் பிடித்து வைத்திருந்தது களி படிந்த அடிமண். இன்று வீடுகளின் முற்றமாக இருப்பது அந்தத் தரைதான். நூறாண்டுக்கு முன் தண்ணீரைத் தேக்கிவைத்த மண், மேலே வீடு வந்துவிட்டது என்பதற்காகத் தன் இயல்பை மாற்றிக்கொள்ளாது.

இனி, விரிப்பின் அமைப்பைப் பார்க்கலாம். மேலே பாலிஎத்திலீன் இழைகள். அவற்றைத் தாங்கும் பாலிபுரொப்பிலீன் துணி. இழைகள் கழன்றுவிடாமல் பிடிக்க அடியில் லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன் பூச்சு. அந்தப் பூச்சு நீரை விடாது என்பதால், சில அங்குல இடைவெளியில் சிறுசிறு துளைகள் போடப்பட்டிருக்கும். நல்ல விரிப்புகள் மணிக்கு 30 அங்குல மழையையும் கீழே விட்டுவிடும் என்று தயாரிப்பாளர்கள் விளம்பரப்படுத்துவதுண்டு. 30 அங்குலம் என்றால் 760 மில்லிமீட்டருக்கு மேல். அது முழுக்க உண்மையாகவே இருக்கட்டும். விரிப்பு மணிக்கு 760 மில்லிமீட்டர் விடும். அதன் கீழே உள்ள களிமண் ஐந்து மில்லிமீட்டர் வாங்கும். மீதி என்ன ஆகும்?

மீதிக்குத்தான் ஜல்லிப் படுகை போடச் சொல்கிறார்கள், முறையாக வேலை செய்பவர்கள். மேல்மண்ணை நான்கு அங்குலம் வெட்டி எடுத்து, பிரிப்புத் துணி விரித்து, முக்கால் ஜல்லியும் அதன்மேல் பொடி ஜல்லியும் நிரப்பி, இயந்திரத்தால் இறுக்கி, அதன்மேல் விரிப்பைப் போடுவது நல்ல முறை. கணக்கிட்டால் இதன் எல்லை தெரிந்துவிடும். 300 சதுர அடி முற்றத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 2,800 லிட்டர் தண்ணீர். ஜல்லிக்கு இடையே உள்ள வெற்றிடம் ஏறத்தாழ 40 சதவீதம் என்று வைத்தால், அந்தப் படுகை கொள்வது 1,100 லிட்டர் சொச்சம். 800 சதுர அடிக் கூரையின் குழாயும் அதே முற்றத்தில்தான் கொட்டுகிறது என்றால் இன்னும் 7,400 லிட்டர் வந்து சேரும். மொத்தத்தில் ஒரு டேங்கர் லாரித் தண்ணீர்.

நிரம்பிய படுகை காலியாக எவ்வளவு நேரம் ஆகும்? களிமண் மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் குடிக்கிறது என்று வைத்தால் இருபது மணி நேரம். மழைக்காலத்தில் அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். களிமண்ணில் வெட்டிய குழி அடியில் ஓட்டையில்லாத அண்டா போன்றது. அதில் ஜல்லியை நிரப்புவதால் கொள்ளளவு குறையுமே தவிர, ஓட்டை விழாது. அந்தப் படுகையிலிருந்து துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்று வாட்டத்தோடு வெளியேறி, கிணற்றிலோ கசிவுக்குழியிலோ வடிகாலிலோ சேர்ந்தால்தான் அது வடிகால் அமைப்பு. குழாய் இல்லையென்றால், கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட தேக்கம் மட்டுமே. தேங்கிய நீர் மேலே தெரியாததால் வீட்டுக்காரருக்குப் பிரச்சினை தீர்ந்தது போலிருக்கும். சில வாரங்களில் பாசியும் முடைநாற்றமும் வரும். நாய் வளர்க்கும் வீடுகளில் சிறுநீர் வாடை ஜல்லிக்குள் இறங்கித் தங்கிவிடும். அஸ்திவாரத்தை ஒட்டி ஊறும் நீர் சுவரின் ஓதமாக மேலேறும்.

இறுக்குவதிலும் ஒரு கேடு உண்டு. விரிப்பு மேடுபள்ளமின்றி நிற்க அடிமண்ணை இயந்திரத்தால் குத்தி இறுக்குகிறார்கள். களிமண்ணில் நீர் இறங்க இருக்கும் ஒரே நல்ல வழி, மண்புழுக்களும் வேர்களும் போட்டுவைத்த நுண்ணிய துவாரங்கள். இறுக்கும்போது அவை நசுங்கிப் போகின்றன. மேலே பிளாஸ்டிக் மூடியபின் இலைச்சருகு கிடைக்காமல் அங்கே புழுக்களும் நிலைப்பதில்லை. முற்றத்தின் உறிஞ்சும் சக்தி முன்பைவிடக் குறைந்துவிடுகிறது.

இந்தப் பாடத்தைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை படித்திருக்கிறது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பல வீடுகளில் ஆழமில்லாத குழி வெட்டிச் செங்கல் ஜல்லியைக் கொட்டி மூடினார்கள். மணற்பாங்கான இடத்தில் அது வேலை செய்தது. களிமண்ணில் குழி நிரம்பி வழிந்தது. களிமண் பகுதிக்குச் சென்னைக் குடிநீர் வாரியம் பரிந்துரைப்பது வேறு வடிவம்: கசிவுக்குழியின் அடியில் 150 முதல் 300 மில்லிமீட்டர் விட்டத்தில் 10 முதல் 15 அடி ஆழத்துக்குத் துளையிட்டு, அதில் உடைந்த செங்கல் நிரப்ப வேண்டும். களி அடுக்கைத் துளைத்துக்கொண்டு, நீரை ஏற்கும் அடுக்குவரை இறங்கிப் போவதற்கான வழி அது. பழைய கிணறு இருக்கும் வீடுகளில், கூரைநீரை வடிகட்டிக் கிணற்றில் விடுவது இன்னும் நல்லது. களிமண்ணின் மேற்பரப்பில் என்ன வித்தை செய்தாலும் அரைகுறையாகத்தான் பலிக்கும். அதைத் தாண்டிக் கீழே போனால்தான் தீர்வு. இவ்வளவு தெளிவாக அரசே எழுதிவைத்த ஒன்றை, கால் நூற்றாண்டு ஆகப்போகும் நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்காக மறப்பது வருத்தம் தருகிறது.

இன்னும் கவலைதருவது, அந்தக் கசிவுக்குழிகளின் மூடிமீதே விரிப்பு போடப்படுவதுதான். மூடிக்கு மேல் பச்சைப் பரப்பு விரிந்துவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை குழியைத் தூர்வாருவது நின்றுபோகும். பிறகு குழி இருந்த இடம்கூட மறந்துபோகும்.

செயற்கைப் புல்லின் பிறப்பைப் பார்த்தாலும் மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட பேஸ்பால் அரங்கம் திறக்கப்பட்டது. ஒளி ஊடுருவும் கூரைக்கு அடியில் அசல் புல் வளர்த்தார்கள். கூரை தந்த கண்கூச்சத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சமின்றிப் புல் செத்தது. மறு ஆண்டு மான்சான்டோ நிறுவனத்தின் நைலான் புல் அங்கே விரிக்கப்பட்டு, அரங்கத்தின் பெயராலேயே ஆஸ்ட்ரோடர்ஃப் ஆனது. ஒரு சொட்டு மழையும் விழாத இடத்துக்காகப் புகழ்பெற்ற பொருள் இது. பின்னாளில் திறந்த மைதானங்களுக்கு வந்தபோது, வடிகால் வேலையை விரிப்பின் பொறுப்பில் யாரும் விடவில்லை. சென்னை எழும்பூரின் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கம் போன்ற சர்வதேசத் தரமுள்ள களங்களுக்கு, விரிப்புக்குக் கீழே வாட்டம் பார்த்துக் கட்டிய தளமும் ஓரத்தில் நீர் வெளியேறும் வழியும் முதலில் தயாராகும். விரிப்பு கடைசியில் வருவது. கரிசல் பூமியான கோவில்பட்டியில் ஹாக்கிக்குச் செயற்கைக் களம் இருப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. அங்கே நூற்றுக்கணக்கான கால்கள் தினமும் ஓடுகின்றன, பராமரிக்க ஆளும் நிதியும் இருக்கின்றன. வீட்டு முற்றத்துக்கு அந்த இரண்டும் இல்லை.

வெயிலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக மைதானத்தில் 2002இல் அளந்தபோது, 37 டிகிரி செல்சியஸ் வெப்பநாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. தார்ச்சாலையைவிடவும் சூடு. அது ரப்பர் துகள் நிரப்பிய விளையாட்டுக் களம். வீட்டு விரிப்பு அந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் சென்னைக் கத்திரி வெயிலில் வெறுங்காலோடு குழந்தை நிற்கக்கூடிய தரையாக அது இருக்காது. உயிருள்ள புல் தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும், பிளாஸ்டிக்கால் முடியாது. சூடு தணிக்க அதன்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவந்த நகரத்தில், மழைநீரை மண்ணுக்குள் விடாமல் தடுத்துவிட்டு, கோடையில் பிளாஸ்டிக்கின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் செலவழிப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

இழைகள் வெயிலில் நொறுங்கும். நொறுங்கிய துகள் மழையோடு தெருவடிகாலுக்கும், அங்கிருந்து கூவம், அடையாறு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் விதியில், மைதானங்களில் தூவும் பிளாஸ்டிக், ரப்பர் துகள்களுக்கு 2031வரை மட்டுமே காலம் கொடுத்திருக்கிறது. கலிஃபோர்னியா அதே ஆண்டில் இயற்றிய சட்டம், வீடுகளில் செயற்கைப் புல்லுக்குத் தடை விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் கண்காட்சிகளிலிருந்து அதை விலக்கிவிட்டது. ஆயுள் முடிந்த விரிப்பில் பல வகைப் பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் மறுசுழற்சி கடினம். கடைசியில் குப்பைக்கிடங்குக்குத்தான் போகும். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்த பழைய குப்பையைப் பிரித்தெடுக்க மாநகராட்சி எவ்வளவு செலவிடுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டேதான் புதிய குப்பையைத் தரையில் விரிக்கிறோம்.

முற்றம் சேறாவதற்குக் களிமண்ணை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டுச் சென்னையின் தெருக்கள் உயர்ந்தன. வீடுகள் பள்ளத்துக்குப் போயின. முன்பு தெருவுக்கு ஓடிய தண்ணீர் இப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டையே சில அடி தூக்கும் தொழில் இந்த நகரத்தில் செழித்தது அதனால்தான். 2021 மே மாதம், அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அருமையான உத்தரவு. அதைத் தெருவுக்குத் தெரு கண்காணிப்பதே முற்றங்களுக்கு நகரம் செய்யக்கூடிய பெரிய உதவி. தெருவெள்ளம் உள்ளே புகும் வீட்டில் செயற்கைப் புல் இன்னும் மோசமாகத் தோற்கும்: வெள்ளம் கொண்டுவரும் வண்டல் இழைகளுக்குள் படிந்து, துளைகளை அடைத்துவிடும். பிறகு அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு.

அப்படியானால் களிமண் முற்றத்தை வைத்திருப்பவர் என்ன செய்வது? முதலில் கூரைக் குழாய்களைப் பார்க்க வேண்டும். முற்றத்தில் தேங்குவதில் பெரும்பங்கு கூரையிலிருந்து வருவது. அதைக் கிணற்றுக்கோ துளைக் கசிவுக்குழிக்கோ திருப்பினாலே பாதிக்கு மேல் சேறு குறையும். அடுத்தது வாட்டம். கொத்தனாரிடம் ரசமட்டமும் மட்டக்குழாயும் இருக்கின்றன; நூறு அடிக்கு ஓரடி சரிவு, வீட்டுச் சுவரிலிருந்து விலகும் திசையில் கிடைத்தால் போதும். நடமாடும் பாதைக்கு மட்டும் கல் பதிக்கலாம், இடைவெளி விட்டு. ஈரக் களிமண்ணை மிதித்து இறுக்காமல் இருப்பதே பாதி வைத்தியம்.

மண்ணைத் திருத்துவதில் ஓர் எச்சரிக்கை. களிமண்ணில் இரண்டு மூட்டை மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்சம் மணல் கலந்த களி இறுகிப் போய்விடும்; பலன்தர வேண்டுமானால் மண்ணின் அளவுக்கே மணல் வேண்டியிருக்கும். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்து; சாதாரணக் களிக்கு அது பெரிதாக உதவாது. மட்கிய குப்பை, தொழுவுரம், இலைச்சருகு, இவற்றை ஆண்டுதோறும் மேலே இட்டுவந்தால் புழுக்கள் அவற்றைக் கீழே இழுத்துப்போய் மண்ணைத் திறக்கும். மெதுவான வேலை. இரண்டு மூன்று மழைக்காலம் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்று விரித்து நாளை பச்சையாகும் பொருளோடு இதை ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

புல்லே வேண்டும் என்பவருக்கு அருகம்புல் இருக்கிறது. உலகெங்கும் கால்பந்து மைதானங்களிலும் கோல்ஃப் திடல்களிலும் பெர்முடா புல் என்று போற்றி வளர்க்கப்படுவது அதே இனம்தான். களிமண்ணிலும் வேரூன்றும், வெயிலைத் தாங்கும். நீர் நிற்கும் மூலையில் பொடுதலை படரவிடலாம். குளக்கரைகளில் தானாக வளரும் இந்தக் கொடியின் மேம்படுத்திய வகை கலிஃபோர்னியாவில் புல்தரைக்கு மாற்றாக விற்பனையாகிறது. நிழலான ஈரத்துக்கு வல்லாரை. கொல்லைப்புறத்தில் கழுவும் நீர் விழும் இடத்தில் நம் வீடுகளில் காலங்காலமாக வைத்த கல்வாழையும் சேம்பும் வாழையும் ஈரத்தை இழுத்துக் காற்றுக்கு அனுப்புபவை. வெட்டிவேரின் வேர் மூன்று மீட்டர்வரைகூட இறங்கும். களியைத் துளைக்க அதைவிட மலிவான கருவி இல்லை. புல் முளைக்காத அடர்நிழல், சக்கர நாற்காலி செல்ல வேண்டிய பகுதி, மாடித்தளம் போன்ற இடங்களில் செயற்கை விரிப்பு பயன்படலாம். அங்கும் சிறு பரப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தனிமனிதரின் விருப்பத்துக்கு மட்டும் இதை விட்டுவிட முடியாது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்த முற்றமும் எல்லாவற்றையும் குடித்துவிடாதுதான். ஆனால் 10 செ.மீ. மழைக்கே தெருக்கள் நிரம்புவதற்கு, உறிஞ்சக்கூடிய முற்றங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும் காரணம். இங்கிலாந்தில் 2008 அக்டோபரிலிருந்து, வீட்டின் முன்முற்றத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, அந்த நீரைத் தெருவில் விட வேண்டுமானால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். முற்றத்திலேயே நீர் இறங்க வழி செய்தால் அனுமதி தேவையில்லை. இதே ஏற்பாட்டைத் தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் கொண்டுவர முடியும்: சிமென்ட், பேவர் பிளாக், செயற்கைப் புல் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, மனையில் இவ்வளவு பங்கு திறந்த மண்ணாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கலாம். மழைக்கு முன் மழைநீர் சேகரிப்பைச் சரிபார்க்க வரும் மாநகராட்சி ஊழியர், கசிவுக்குழியின் மூடி திறக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

விரிப்பு விற்பவர்களுக்கும் ஒரு நிபந்தனை விதிக்கலாம். சதுர அடி விலைக்குப் பக்கத்திலேயே, ஜல்லிப் படுகை எத்தனை அங்குலம், குழாய் எந்தப் பக்கம் வாட்டம், நீர் எந்தக் குழியில் அல்லது கிணற்றில் போய்ச் சேரும் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அதை எழுத முடியாதவரிடம் வாங்காமல் இருக்கும் உரிமை இப்போதே எல்லா வீட்டுக்காரர்களுக்கும் இருக்கிறது.